எத்தனை நிமிடம் காத்திருக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

என் பெரியம்மா சிங்கப்பூரின் வடக்கே, செம்பவாங்கில் வசிக்கிறார். வயது எழுபத்தெட்டு. 2023 நவம்பரில் ஒரு மாலை தொலைபேசியில் அழைத்தார். "நம் 167ஐ நிறுத்தப் போகிறார்களாம்" என்றார், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்வதைப் போல.

செம்பவாங்கிலிருந்து கிளம்பி, அப்பர் தாம்சன் சாலை வழியாக நகர மையத்தைக் கடந்து, புக்கிட் மேரா வரை போகும் பேருந்து அது. போக்குவரத்துத் திட்டமிடலைப் பல ஆண்டுகளாகப் படித்தும் கற்பித்தும் வருபவன் என்ற முறையில், அந்த முடிவுக்கான நியாயம் எனக்கு உடனே புரிந்தது. அந்தப் பேருந்து போகும் சாலையின் பெரும்பகுதியை ஒட்டி இப்போது தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை ஓடுகிறது. 2021லும் 2022லும் அதன் நிலையங்கள் வரிசையாகத் திறந்தன. பயணிகளில் பலர் ரயிலுக்கு மாறிவிட்டார்கள். "அதுதான் ரயில் வந்துவிட்டதே, பெரியம்மா" என்றேன். "அந்த நிலையத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், வெளியே வந்தபின் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒரு பேருந்து ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் அந்தப் பொறுப்பு நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. வாகனப் பதிவு, பெருவிரைவு ரயில் கட்டுமானம், சாலைப் பணி, போக்குவரத்துக் கொள்கை என்று நான்கு இடங்களில் பிரிந்து கிடந்த வேலைகளை 1995 செப்டம்பரில் ஒன்றுசேர்த்து உருவாக்கிய அமைப்பு அது. கார் வாங்க உரிமம் தருவதும், சாலையில் பேருந்துத் தடம் ஒதுக்குவதும், ரயில் பாதை போடுவதும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. பல பெரிய நகரங்களில் சாலை ஒருவர் கையில், பேருந்து இன்னொருவர் கையில், ரயில் மூன்றாமவர் கையில் இருக்கும். ரயில் நிலைய வாசலில் பேருந்து நிறுத்தம் வேண்டும் என்ற எளிய காரியத்துக்கே அங்கே கோப்புகள் ஆண்டுக்கணக்கில் அலையும்.

ஆனால் அமைப்பு ஒன்றானதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2016 வரை இங்கே பேருந்துகள் நிறுவனங்களின் சொத்து. கட்டணப் பணமும் அவர்களுக்கே. கூட்டம் குறைந்த தடத்தில் கூடுதல் பேருந்து விட்டால் நிறுவனத்துக்கு நட்டம். பிறகு ஏன் விடுவார்கள்? நெரிசல் பற்றிய குறைகள் பெருகியபோது, 2012 வரவுசெலவுத் திட்டத்தில் 110 கோடி வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஒதுக்கி, 550 பேருந்துகளை அரசாங்கமே வாங்கித் தர முன்வந்தது. அடிப்படை மாற்றம் 2016ல் வந்தது. பேருந்துகளும் பணிமனைகளும் அரசாங்கத்துக்குச் சொந்தமாயின. கட்டண வருமானமும் அரசாங்கத்துக்கே வருகிறது. எந்தத் தடம், எத்தனை மணிக்கு முதல் பேருந்து, எத்தனை நிமிட இடைவெளி என்பதையெல்லாம் ஆணையம் வகுக்கிறது. நிறுவனங்கள் ஏலத்தில் போட்டியிட்டு, பேருந்துகளை ஓட்டித் தருவதற்கான தொகையைப் பெறுகின்றன. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. நன்றாக ஓட்டினால் மேலும் இரண்டு ஆண்டு.

இதனால் கேள்வியே மாறிவிட்டது. "இந்தத் தடத்தில் லாபம் வருமா?" என்று கேட்ட இடத்தில் இப்போது "இந்த நிறுத்தத்தில் நிற்பவர் எத்தனை நிமிடம் காத்திருக்கலாம்?" என்று கேட்கிறார்கள். உச்ச நேரத்தில் எந்தப் பேருந்துக்கும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி கூடாது, பாதித் தடங்களுக்காவது பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒப்பந்த முறையைத் தொடங்கியபோது விதித்தார்கள். இதை நான் மனதார வரவேற்கிறேன்.

காத்திருப்பதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நேயர்கள் மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். இருபது நிமிடத்தில் இருபது பேர். பேருந்து சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால், சராசரியாக ஒருவர் ஐந்து நிமிடம் நிற்பார். அதே இரண்டு பேருந்துகளில் ஒன்று பதினெட்டு நிமிட இடைவெளியிலும் அடுத்தது இரண்டே நிமிடத்திலும் வந்தால்? பதினெட்டுப் பேர் சராசரியாக ஒன்பது நிமிடம் நிற்கிறார்கள். மீதி இரண்டு பேர் ஒரு நிமிடம். மொத்தச் சராசரி எட்டு நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. பேருந்தின் எண்ணிக்கை குறையவில்லை, டீசல் செலவும் குறையவில்லை. மக்களின் நேரம்தான் வீணாகிறது.

இப்படி இரண்டு பேருந்துகள் ஒட்டிக்கொண்டு வருவதற்கு ஓட்டுநரின் அலட்சியம் தேவையே இல்லை. முன்னால் போகும் பேருந்து ஒரு சிக்னலில் மாட்டி இரண்டு நிமிடம் தாமதமானால் போதும். அடுத்த நிறுத்தத்தில் அதற்குக் கூடுதலாக ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏறிக் கட்டண அட்டையைத் தட்ட நேரமாகும், தாமதம் இன்னும் கூடும். பின்னால் வரும் பேருந்துக்கோ ஏறுவதற்கு ஆளே இல்லை. அது விரைந்து வந்து முன்னதை எட்டிப் பிடித்துவிடும். இதைத் தடுக்கக் கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு பேருந்தும் இருக்கும் இடத்தைத் திரையில் பார்த்து, "சற்று மெதுவாகப் போங்கள்" என்று ஓட்டுநருக்குச் சொல்கிறார்கள். சாலை காலியாக இருந்தும் பேருந்து ஊர்ந்தால் பயணிகள் சிலர் ஓட்டுநரைக் கடிந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குத்தான் கட்டுப்பட்டிருப்பார். தயவுசெய்து அவரிடம் கோபப்படாதீர்கள்.

தேவைக்கு அதிகமாகக் காத்திருக்க நேரும் இந்த நிமிடங்களை ஆணையம் அளந்து, குறைத்த நிறுவனத்துக்கு ஊக்கத்தொகையும் கூட்டிய நிறுவனத்துக்கு அபராதமும் விதிக்கும் முறையை 2014ல் தொடங்கியது. வண்டிகள் எத்தனை என்று எண்ணுவதைவிட நிற்பவரின் நேரத்தை அளப்பது எவ்வளவோ நேர்மையானது.

கட்டணத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2010 ஜூலை முதல், நடுவில் வண்டி மாறினாலும் மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தட்டுவதால், எங்கிருந்து எங்கே எத்தனை பேர் போகிறார்கள் என்பதும் ஆணையத்துக்குத் தெரிந்துவிடுகிறது. புதிய தடம் போடவும் பழையதை மாற்றவும் அந்தத் தகவல்தான் கைவிளக்கு. கட்டணம் செலவை ஈடுகட்டுவதில்லை. பேருந்துக்கும் ரயிலுக்குமாக ஆண்டுதோறும் 200 கோடி வெள்ளிக்கும் மேல் அரசாங்கம் மானியம் தருகிறது. ஆகவே காலியாக ஓடும் பேருந்துக்கு நாம் எல்லோரும் பணம் தருகிறோம். அதை எங்கே ஓட்டுவது என்று ஆணையம் யோசிப்பதில் தவறே இல்லை.

அட்டை தட்டியவர்களின் கணக்கு மட்டும்தான் அந்தத் தகவலில் இருக்கிறது என்பதே என் கவலை. முழங்கால் வலியோடு நிலையத்துக்குள் இறங்கத் தயங்கி வீட்டிலேயே இருந்துவிடும் ஒருவர் எந்த அட்டவணையிலும் தெரிய மாட்டார். 167 விஷயத்தில் குடியிருப்பாளர்கள் எழுதினார்கள், பேசினார்கள். சில நாள்களிலேயே ஆணையம் முடிவை மாற்றிக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது தொடர்ந்து ஓடும் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு, பேருந்துச் சேவைகளை விரிவாக்க எட்டு ஆண்டுகளில் 90 கோடி வெள்ளி வரை செலவிடும் திட்டமும் வந்தது.

முன்பு சொன்ன பதினைந்து நிமிட வரம்பைத் தாண்டி, அரை மணிக்கு ஒருமுறை வரும் பேருந்துக்குக் கணக்கு வேறு. அதற்கு யாரும் சும்மா போய் நிற்க மாட்டார்கள். நேரம் பார்த்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடம் முன்னதாகப் போய்விட்டால் அரை மணி நேரம் போயிற்று. இத்தகைய தடங்களில் எந்தப் பேருந்தும் குறித்த நேரத்துக்கு முன்னால் நிறுத்தத்தைவிட்டு நகரவே கூடாது என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியம்மா குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளில் 167 வரும் நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஐந்து நிமிடம் முன்பே நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

நன்றி, வணக்கம்.