ஒரு கையெழுத்தும் என் தூக்கமும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெரம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். அரக்கோணம் மின்சார ரயிலும், நடுராத்திரியில் சரக்கு வண்டியும் ஜன்னல் கம்பி அதிரப் போகும். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். என் தூக்கத்தை அந்தச் சத்தம் ஒருநாளும் கெடுத்ததில்லை. கெடுத்தது ஒரு கையெழுத்து.

கூட வேலை பார்த்த நண்பர் மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார். ஜாமீன் போட ஆள் வேண்டும் என்றார். டீக்கடை வாசலில், ஸ்கூட்டர் சீட்டின் மேல் தாளை வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து என் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. அவர் தவணை கட்டவில்லை. வீட்டில் நான் மூச்சு விடவில்லை. நோட்டீஸை மடித்து பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ராத்திரி என்றாலே பயம். சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி கணக்குப் போடுவேன். சம்பளத்தில் பிடித்தால் வாடகைக்கு என்ன செய்வது, பையன் ஃபீஸுக்கு யாரிடம் போவது? ஜெபிக்காமல் இல்லை. "கர்த்தாவே, தூக்கத்தைத் தாரும்" என்று தினமும் கேட்டேன். வரவில்லை.

வேதாகமத்தில் நீதிமொழிகள் புத்தகத்தின் 3ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம், 24ஆம் வசனம், பலருக்கும் மனப்பாடம். "நீ படுக்கும்போது பயப்படாதிருப்பாய், நீ படுத்துக்கொள்ளும்போது உன் நித்திரை இன்பமாயிருக்கும்." இதை எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிற வீடுகள் உண்டு. ஆனால் 3 வசனம் முன்னால் என்ன இருக்கிறது? மெய்ஞ்ஞானத்தையும் நல்லாலோசனையையும் காத்துக்கொள் என்கிறது. அதைக் காத்துக்கொள்கிறவனுக்குத்தான் அந்த நித்திரை. நான் 24ஐ மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதே புத்தகத்தின் 6ஆம் அதிகாரம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டவனுக்கு அங்கே ஆறுதல் இல்லை. போ, உன்னைத் தாழ்த்திக்கொண்டு அவனை வருந்திக் கேள், அதுவரை உன் கண்ணுக்குத் தூக்கம் கொடுக்காதே என்கிறது. இன்பமான நித்திரையை வாக்களிக்கிற அதே புத்தகம், ஒருவனைத் தூங்காதே என்று எழுப்பிவிடுகிறது! எனக்கு வராத தூக்கம் ஒரு தண்டனை என்று நினைத்திருந்தேன். அது எழுப்புகிற கை என்று அன்றைக்குப் புரிந்தது.

தாவீது ராஜாவைப் பாருங்கள். 3ஆம் சங்கீதம், பெற்ற மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடும்போது பாடியது. "நான் படுத்து நித்திரைசெய்தேன், விழித்துக்கொண்டேன், கர்த்தர் என்னைத் தாங்குகிறார்" என்கிறான். எப்படி முடிந்தது? வெறுங்காலோடு அழுதுகொண்டு ஒலிவ மலை ஏறினவன், போகிற வழியில் இரண்டு காரியம் செய்தான். தேவன் கூட இருப்பதற்கு அடையாளமாகக் கூடவே வந்த தேவனுடைய பெட்டியை எருசலேம் நகரத்துக்கே திருப்பி அனுப்பினான். கர்த்தருக்குச் சித்தமானால் என்னைத் திரும்ப அழைத்துவருவார், இல்லையென்றால் அவர் விருப்பம் என்று ஆசாரியன் சாதோக்கிடம் சொன்னான். ஊசாய் என்ற நண்பனையும் திருப்பி அனுப்பினான், அப்சலோம் பக்கம் போய்விட்ட ஆலோசனைக்காரன் அகித்தோப்பேலின் ஆலோசனையை முறியடிக்க. முதலாவது விசுவாசம், இரண்டாவது ஞானம். ஒன்றை மட்டும் செய்திருந்தால் அவனால் கண்மூடியிருக்க முடியுமா? எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். தூக்கம் வராத எல்லோரும் விசுவாசம் இல்லாதவர்கள் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மயிலாப்பூர்க்காரர் என்று நாம் உரிமை கொண்டாடுகிற வள்ளுவர், "நெருப்பினுள் துஞ்சலும் ஆகும் நிரப்பினுள் யாதொன்றும் கண்பாடு அரிது" என்றார். நெருப்புக்குள்கூடத் தூங்கிவிடலாம், வறுமைக்குள் கண்மூட முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தண்ணீர் வாசற்படி ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறவர்களிடம் போய் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று உபதேசம் பண்ணலாமா? அந்த வீட்டுப் பெரியவரைக் கூட்டிவந்து நம் மாடியில் படுக்க வைத்தால் அதுதான் பிரசங்கம். வாரக்கணக்கில் தூக்கமில்லாதவர்கள் டாக்டரைப் பார்ப்பதும் அவிசுவாசம் அல்ல.

என் கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் நோட்டீஸை எடுத்து மனைவி கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள் புரண்டுக்கிட்டு இருந்தீங்க? கிளம்புங்க, நானும் வர்றேன்" என்றாள். இரண்டு பேரும் வியாசர்பாடியில் நண்பர் வீட்டுக்குப் போனோம். அவரும் தூங்கியிருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதார். மறுநாள் மூன்று பேருமாகக் கடன் கொடுத்த இடத்துக்குப் போய், தவணையைக் குறைத்துக் கேட்பது என்று பேசி முடித்தோம்.

பணம் ஒரு ரூபாய்கூட இன்னும் கட்டவில்லை. அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து, "என்னால் ஆனதைச் செய்துவிட்டேன், மீதி உம்முடையது ஆண்டவரே" என்று சொல்லிப் படுத்தேன். அது மே மாதம். காலையில் மனைவி கேட்டாள், "ராத்திரி ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லையே, தெரியுமா?"

எனக்குத் தெரியாது.