சாப்வித் கேமல் ஏன் மூக்கைத் தூக்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம். முதல் உலகப் போர்க் காலத்து விமானங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க, 2009-இல் வந்த ரைஸ் ஆஃப் ஃபிளைட், அதற்கு அடுத்து வந்த ஃபிளையிங் சர்க்கஸ் என்று நல்ல சிமுலேட்டர்கள் இருக்கின்றன. அவற்றில் சாப்வித் கேமல் என்ற இரட்டை இறக்கை விமானத்தில் புதிதாக ஏறுகிறவர்கள் மேலே கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். "ஸ்டிக்கை, அதாவது விமானத்தை ஓட்டும் கைத்தடியை, விட்டால் மூக்கு தானாக மேலே போகிறதே, இதை எப்படிச் சரி செய்வது?" டிரிம் பட்டனைத் தேடுவார்கள். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் விளையாட்டில்தான் ஏதோ கோளாறு என்று விட்டுவிடுவார்கள்.

கோளாறு ஒன்றும் இல்லை. நிஜ கேமலும் அப்படித்தான் பறந்தது. அந்தத் தொல்லையை விளையாட்டைத் தயாரித்தவர்கள் நீக்கிவிடாமல் வைத்திருப்பதுதான் சிமுலேட்டருக்கு அழகு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் டிரிம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு விமானம் ஏதோ ஒரு வேகத்தில், எஞ்சின் ஏதோ ஓர் அளவில் ஓடும்போதுதான் கைவிட்டாலும் நேராகப் போகும். வேகம் கூடினால் பொதுவாக மூக்கு மேலே போகப் பார்க்கும், குறைந்தால் கீழே இறங்கும். இன்றைய விமானங்களில் விமானி ஒரு சக்கரத்தையோ பட்டனையோ கொண்டு இந்தச் சமநிலையைப் பறந்துகொண்டே மாற்றிக்கொள்ளலாம். கேமலில் அந்த வசதி இல்லை. வால் பகுதியின் கிடைத்தகடு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தரையிலேயே மெக்கானிக்குகள் முடிவு செய்து பூட்டிவிடுவார்கள். மேலே போனபிறகு விமானிக்கு இருப்பது அவர் கை மட்டும்தான்.

கேமல் முதன்முதலில் பறந்தது 1916 டிசம்பரில். 1917 ஜூனில் போர்முனைக்கு வந்தது. எஞ்சின், விமானி, இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள், பெட்ரோல் டாங்க் எல்லாமே முன்பக்கத்து 7 அடிக்குள் அடங்கியிருந்தன. மொத்த எடையில் சுமார் 90 சதவீதம் அந்த இடத்தில்தான். எடை இப்படி ஒரே இடத்தில் குவிந்திருந்ததால் ஸ்டிக்கைத் தொட்ட மாத்திரத்தில் மூக்கு திரும்பும். சண்டையில் அது பெரிய பலம். ஆனால் பெட்ரோல் டாங்க் இருந்தது விமானியின் முதுகுக்குப் பின்னால். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையைக் கட்டினால் ஹேண்டில்பார் எப்படி லேசாகிவிடும்? டாங்க் நிரம்பிய கேமலும் அப்படித்தான். மேலே கிளம்பும் நேரத்தில், டாங்க் நிறைந்த நிலையில், பல புதிய விமானிகள் இதனாலேயே விழுந்தார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உயரத்தில் பறக்கும்போது கைவிட்டாலும் நேராகப் போகும்படி கேமலைப் பூட்டி வைக்க முடிந்தது. ரோந்து சுற்றுவது மேலேதான் என்பதால் அது நியாயமான ஏற்பாடு. ஆனால் கீழே காற்று அடர்த்தி, எஞ்சினுக்கும் முழு பலம், ஆகவே வால் கனத்து மூக்கு தூக்கும். சிமுலேட்டரில் நாம் என்ன செய்கிறோம்? 300 மீட்டர் உயரத்தில், எஞ்சின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்கத் திறந்து, டாங்கை முழுக்க நிரப்பி ஓட்டிப் பார்க்கிறோம். கேமல் மிகவும் முரண்டு பிடிக்கும் இடமே அதுதான். பாதி டாங்க் பெட்ரோலோடு 3,000 மீட்டருக்கு மேல் ஏறிப் பாருங்கள், மூக்கை அடக்க ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டிய அளவு குறைந்திருக்கும்.

அப்புறம், இந்த விமானத்தில் சுழல்வது எஞ்சினேதான். கிளெர்ஜே ரோட்டரி எஞ்சினில் சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். அத்தனை எடை பம்பரம் போலச் சுழலும்போது, வலது பக்கம் திரும்பினால் மூக்கு கீழே இறங்கும், இடது பக்கம் திரும்பினால் மேலே ஏறும். இரண்டுக்குமே இடது ரட்டரைத்தான் (வாலின் செங்குத்துத் தகட்டைத் திருப்பும் கால்மிதியை) மிதிக்க வேண்டும். நேராகப் போகும்போது நீங்கள் முன்னால் தள்ளிப் பிடித்திருந்த அழுத்தம், வலது திருப்பத்தில் அதிகப்படியாகிவிடும். கொஞ்சம் தளர்த்தாவிட்டால் மூக்கு சரிந்து, சுற்றிக்கொண்டே கீழே விழும் சுழலில் மாட்டும்.

அதனால்தான், ஜாய்ஸ்டிக்கின் நடுப்புள்ளியை செட்டிங்கில் முன்னால் நகர்த்தி வைத்துக்கொள்ளும் குறுக்கு வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. முழு த்ராட்டிலில் அது சுகமாக இருக்கும். எஞ்சினை அடக்கிய மறுநொடி, வாலுக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்த புரொப்பெல்லரின் வேகம் போய்விடும், மூக்கு பொத்தென்று கீழே போகும். தரையிறங்கும் நேரத்தில் இது வேண்டவே வேண்டாம்.

டிரிம் வசதியுள்ள விமானங்களும் அதே காலத்தில் இருந்தன. அதே சாப்வித் கம்பெனியின் மூன்று இறக்கை டிரைபிளேனில் வால் தகட்டின் கோணத்தைப் பறக்கும்போதே மாற்றலாம். எஸ்.ஈ.5ஏ என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்திலும் அதற்கு இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சக்கரம் உண்டு. இதன் அருமை சண்டையில்தான் தெரியும். எஸ்.ஈ.5ஏ-யின் மேல் இறக்கை மீது ஒரு லூயிஸ் துப்பாக்கி. அதன் 97 குண்டு டிரம் (குண்டுகள் அடங்கிய வட்டப் பெட்டி) தீர்ந்தால், வளைந்த தண்டவாளத்தில் துப்பாக்கியைக் கீழே இழுத்து, பழைய டிரம்மைக் கழற்றி, எதிர்க்காற்றில் புதியதை மாட்ட வேண்டும். அதுவரை ஸ்டிக் முழங்கால்களுக்கு நடுவில். டிரிம் சரியாக இருந்தால் விமானம் பொறுத்துக்கொள்ளும். ஸ்டிக் நழுவினால் என்ன ஆகும் என்பதை 1915 மே மாதத்தில் லூயி ஸ்ட்ரேஞ்ச் என்ற விமானி கண்டார். அவர் ஓட்டியது மார்ட்டின்சைட் விமானம். சிக்கிக்கொண்ட டிரம்மைக் கழற்ற எழுந்து நின்றபோது முழங்காலிலிருந்து ஸ்டிக் நழுவியது. விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. அந்த டிரம்மைப் பிடித்துத் தொங்கியபடியே காலால் துழாவி உள்ளே ஏறி உயிர்தப்பினார்.

கேமல், எஸ்.ஈ.5ஏ இரண்டையும் இந்தியர்கள் ஓட்டியிருக்கிறார்கள். ஹர்தித் சிங் மாலிக் 1917-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 28-ஆம் ஸ்குவாட்ரனில் கேமல் ஓட்டினார். அந்த அக்டோபரில் காலில் குண்டடி பட்டும் உயிரோடு தப்பினார். கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் 1918 ஜூலையில் எஸ்.ஈ.5ஏ விமானத்தில் இரண்டு வாரத்துக்குள் 10 விமானங்களை வீழ்த்தினார். அதே மாதம் 22-ஆம் தேதி சண்டையில் இறந்தபோது அவருக்கு வயது 19.

சிமுலேட்டரின் பக்கம் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நிஜ விமானத்தில் ஸ்டிக்கை விட்டால், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டர் காற்றின் போக்கில் தானே ஓர் இடத்தில் போய் நிற்கும், ஸ்டிக்கும் கூடவே நகரும். ஸ்பிரிங் வைத்த ஜாய்ஸ்டிக்கை விட்டால் அது நட்டநடுவுக்கு வரும். அதாவது எலிவேட்டரை யாரோ நடுவில் இறுகப் பிடித்திருப்பதாக விளையாட்டு எடுத்துக்கொள்ளும். காற்று கைக்குத் தரும் அழுத்தம் வேறு, ஸ்பிரிங் தரும் அழுத்தம் வேறு. உள்ளே மோட்டார் வைத்த ஜாய்ஸ்டிக்குகளில் நடுப்புள்ளியே நகரும். மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 உற்பத்தி நின்று எவ்வளவோ காலம் ஆனபிறகும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருப்பது இதனால்தான்.

அவ்வளவு செலவு முடியாதென்றால், மெல்லிய ஸ்பிரிங் மாட்டலாம், ஸ்டிக்கின் நீளத்தைக் கூட்டித் தரையில் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாம். நீளம் கூடக் கூட கையின் சிறு அசைவுக்கு அடங்கும், தொடர்ந்து தள்ளிப் பிடித்திருந்தாலும் மணிக்கட்டு வலிக்காது. செட்டிங்கில் நடுப்பகுதியில் சிறு அசைவுக்கு விமானம் காட்டும் துடிப்பை மட்டும் குறைத்து வையுங்கள், நடுப்புள்ளியைத் தொடாதீர்கள். தரையிறங்கும்போது எஞ்சினை அவ்வப்போது கொஞ்ச நேரம் அணைக்கும் பட்டனில் விரல் இருக்கட்டும். அணைக்கும் ஒவ்வொரு முறையும் முன்னால் தள்ளிய கையைத் தளர்த்துங்கள், எஞ்சின் மறுபடி பிடித்ததும் மெல்லத் தள்ளுங்கள். முதல் சில தரையிறக்கங்களுக்கு இந்த ஒன்றை மட்டும் பழகினால் போதும், சண்டை அப்புறம். நன்றி, வணக்கம்.