முட்டி ஆறிவிட்டது, கால் ஏன் தயங்குகிறது?

(பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அணியில் ஒரு பெண்ணுக்கு முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து, பத்து மாதம் கழித்து கிரவுண்டுக்கு வருகிறாள். என்ன பார்ப்பீர்கள்? ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்வீர்கள். தொடை பலத்தைச் சோதிப்பீர்கள். ஓடிப்போய்ச் சட்டென்று திரும்பச் சொல்வீர்கள். எல்லாம் சரி. முதல் ஆட்டத்தில் பந்து அவளுக்கும் எதிரணிப் பெண்ணுக்கும் நடுவில் வந்து விழுகிறது. அரை நொடி தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தை எதை வைத்துச் சோதித்தீர்கள்?

அதற்கும் ஒரு தாள் இருக்கிறது. ஏ.சி.எல்-ஆர்.எஸ்.ஐ. என்பார்கள் (ஏ.சி.எல். என்பது அந்த முட்டி ஜவ்வின் சுருக்கப் பெயர்), மொத்தம் 12 கேள்விகள். மறுபடி அடிபடும் என்று பயமாக இருக்கிறதா? முட்டியை நினைக்காமல் ஆட முடிகிறதா? இன்னொரு ஆபரேஷன், இன்னொரு வருஷம் என்ற நினைப்பு உன்னைத் தடுக்கிறதா? நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் நம்மில் பலர் அதைக் கொடுப்பதில்லை. அந்தப் பெண் பயமாக இருக்கிறது என்றால் ‘பயப்படாதேம்மா’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது மருந்தில்லை, வாயில் ஒட்டுகிற பிளாஸ்திரி. நானும் ஒட்டியிருக்கிறேன்.

இந்த ஜவ்வு பெண் ஆட்டக்காரர்களுக்குக் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு. லண்டனில் ஆர்சனல் என்ற ஒரே அணியில், 2022 நவம்பர் முதல் 2023 மே வரை நான்கு பேருக்குக் கிழிந்தது. முதலில் பெத் மீட். அந்த வருடம் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையில் இங்கிலாந்துக்காக 6 கோல் அடித்து, போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கியவர். அடுத்த மாதமே அவருடைய துணையும் சக ஆட்டக்காரருமான விவியானே மீடெமாவுக்கு. ஒரே வீட்டில் இரண்டு ஊன்றுகோல். 2023 ஜனவரியில் மீடின் அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். பிசியோவின் அட்டவணையில் இந்த வாரம் இத்தனை கிலோ எடை, அடுத்த வாரம் இத்தனை நிமிட ஓட்டம் என்று எழுதலாம். அம்மா போனதை எந்த வாரத்துக் கட்டத்தில் எழுதுவது? ஏப்ரலில் இங்கிலாந்து கேப்டன் லியா வில்லியம்சனுக்கும் கிழிந்தது. மூவரும் உலகக் கோப்பையை வெளியிலிருந்துதான் பார்த்தார்கள்.

இங்கிலாந்து அணியில் இன்னொருவர் க்ளோயி கெல்லி. 2021 மே மாதம் அதே ஜவ்வு. டோக்கியோ ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. 2022 ஜூலை 31 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில், யூரோ இறுதியின் 110வது நிமிடத்தில் வெற்றி கோலைப் போட்டார். சினிமாவாக இருந்தால் அங்கேயே ‘சுபம்’ போட்டிருப்பார்கள். ஆனால் 2025 தொடக்கத்தில், கிளப்பில் ஆட வாய்ப்பு குறைந்து, நிலைமை தன் மனநலத்தைப் பாதிக்கிறது என்று கெல்லி பொதுவெளியிலேயே எழுதினார். ஆர்சனலுக்கு மாறினார். அந்த ஜூலையில் இத்தாலிக்கு எதிரான யூரோ அரையிறுதி, 119வது நிமிடம், பெனால்டி. கோல்கீப்பர் தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தைக் கெல்லியே வலைக்குள் தள்ளினார்.

பெனால்டி பற்றி ஒன்று. நார்வேயின் கெய்ர் யோர்டெட் பல வருடங்கள் பெனால்டிகளை ஆராய்ந்தவர். விசில் ஊதியதும் அவசரமாக ஓடிப்போய் உதைப்பவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற அவசரம் அது. கெல்லியோ நின்று, முட்டியை உயர்த்தி ஒரு துள்ளு துள்ளி, அப்புறம்தான் ஓடுவார்.

அரையிறுதி முடிந்து ஐந்தாம் நாள், பாசல் நகரில் ஸ்பெயினுடன் இறுதி. 1-1. பெனால்டி ஷூட்டவுட், அதாவது இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி உதைத்து வெற்றியை முடிவு செய்வது. இங்கிலாந்துக்காக உதைத்த ஐந்து பேரில் மூன்று பேர் ஜவ்வு கிழிந்து திரும்பியவர்கள்: மீட், வில்லியம்சன், கெல்லி. கடைசி உதை கெல்லிக்கு. அதே துள்ளல், கோல். 3-1, கோப்பை.

எல்லோரும் கெல்லி கதையைத்தான் சொல்கிறோம். மேடைக்கு அது வசதி. நான் மாணவிகளுக்குப் போட்டுக்காட்டுவது மீடின் உதையை. முதல் ஆளாக வந்தார். கால் வழுக்கி, பந்து இரண்டு முறை காலில் பட்டது. உள்ளே போன கோல் செல்லாது, மறுபடி உதை என்றார் நடுவர். ஒரு தடவை வழுக்கிய அதே இடத்தில், அத்தனை பேர் பார்க்க, மறுபடி பந்தை வைத்து உதைத்தார். அதைக் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். வில்லியம்சனின் உதையும் தடுக்கப்பட்டது.

இவர்கள் மனதளவில் மீளவில்லை என்று சொல்வீர்களா? போன மாதம் இதே கேள்வியை எங்கள் பிள்ளைகளிடம் கேட்டேன். ஏழு மாதமாக முட்டிப் பட்டையோடு வந்துகொண்டிருக்கும் ஒருத்தி, “சார், ரெண்டாவது தடவை அந்தப் பந்தை வைக்கிறப்போ அவங்க கை நடுங்குச்சா?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. வீடியோவைப் பின்னால் ஓட்டி, எல்லோரும் சேர்ந்து மறுபடி பார்த்தோம்.