புளி எவ்வளவு போடணும்னு சண்டை போடுற வீடு

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பஸ் ஸ்டாண்ட்லயோ கோயில் மதில் ஓரத்துலயோ அழுக்குத் துணிமூட்டையோட தனக்குத்தானே பேசிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவங்களை நீங்க எல்லாருமே பார்த்திருப்பீங்க, ஒரு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்திருப்பீங்க, சில பேர் போலீஸுக்கு போன் பண்ணிச் சொல்லியிருப்பீங்க. நல்ல விஷயம்தான். ஆனா நான் இன்னைக்குப் பேச வந்தது அதுக்கு அப்புறம் நடக்கிற கதை. அவங்களை யாரோ கூட்டிட்டுப் போய் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிறாங்க, மாத்திரை வேலை செய்யுது, சில மாசத்துல பேரு சொல்றாங்க, ஊரு சொல்றாங்க, பிள்ளைங்க பேரு சொல்றாங்க. சரி, அடுத்து எங்க போவாங்க?

நிறைய பேர் குடும்பத்தோட சேர்ந்துடுறாங்க, அதைப் பார்க்கிறப்போ அவ்ளோ சந்தோஷமா இருக்கும். ஆனா எல்லாருக்கும் அது நடக்காதுங்க. அம்மா அப்பா போய்ச் சேர்ந்திருப்பாங்க, புருஷன் வேற கல்யாணம் பண்ணியிருப்பாரு, அண்ணன் "இங்க இடமில்லை, நீங்களே வெச்சுக்கோங்க, மாசம் ஏதாவது அனுப்புறேன்"னு சொல்லுவாரு. பொம்பளைங்களுக்கு இது ரொம்ப அதிகம். அப்போ என்ன ஆகுது, நோய் குணமாகியும் ஆஸ்பத்திரியிலயோ, நிறைய பேரை ஒண்ணா வெச்சுப் பாத்துக்கிற இல்லத்துலயோ வருஷக்கணக்கா உட்கார்ந்துடுறாங்க, இல்லைன்னா வெளிய போய் மருந்து விட்டுப்போய் மறுபடி அதே பஸ் ஸ்டாண்ட். வைத்தியம் தோத்துப்போச்சுன்னு இதைச் சொல்ல முடியாது. திரும்பிப் போக ஒரு வீடு இல்ல, அவ்ளோதான்.

சென்னையில 1993ல வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சேர்ந்து மனநோயோட தெருவுல இருக்கிறவங்களுக்காக ஆரம்பிச்ச தி பான்யன் அமைப்பை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், முகப்பேர்ல அவங்களோட அடைக்கலம் இருக்கு. அங்கயும் இதே கேள்விதான், நல்லாகியும் போக இடமில்லாதவங்க பல வருஷமா தங்கியிருந்தாங்க. அதுக்காக 2015ல ஹோம் அகெய்ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ரொம்ப சிம்பிளான யோசனை. ஊருக்குள்ள சாதாரணத் தெருவுல ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறது, நாலஞ்சு பேர் யார் கூட யார் இருக்கணும்னு அவங்களே பேசி முடிவு பண்ணி ஒண்ணா குடிபோறது, கூடமாட உதவிக்கு ஒரு அக்கா இருக்கிறது. வாசல்ல போர்டு கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. அப்புறம் கேரளா, மகாராஷ்டிரா, அஸ்ஸாம்னு போச்சு, 2021ல உலக சுகாதார நிறுவனம் நல்ல மனநல சேவைக்கு உதாரணம்னு வெளியிட்ட வழிகாட்டியில இதையும் சேர்த்தாங்க. நான் வேலை பார்க்கிறது அவங்ககிட்ட இல்ல, அதே மாதிரி வீடுங்க நடத்துற ஒரு சின்னக் குழுவுல.

எங்க வீடு ஒண்ணுல நடந்ததைச் சொல்றேன், இதை நான் எங்க போனாலும் சொல்லுவேன். ஐம்பது வயசு தாண்டின ஒரு அம்மா, ரொம்ப வருஷம் இல்லத்துலயே இருந்தவங்க. வீட்டுக்கு வந்த புதுசுல எல்லாத்துக்கும் பர்மிஷன் கேப்பாங்க. தண்ணி குடிக்கட்டுமா, ஃபேன் போடட்டுமா, வாசல்ல நிக்கட்டுமா. பன்னண்டரை ஆச்சுன்னா தட்டைக் கையில எடுத்துக்கிட்டு சமையக்கட்டு வாசல்ல தரையில உட்கார்ந்துடுவாங்க, யாரும் கூப்பிட மாட்டாங்க, அந்த வீட்ல மணியும் கிடையாது, ஆனா உடம்புக்கு அந்த நேரம் பழகிப்போச்சு. விடியக்காலையில துண்டை தோள்ல போட்டுக்கிட்டு பாத்ரூம் வாசல்ல லைன்ல நிக்கிற மாதிரி நிப்பாங்க, பின்னாடி யாருமே இருக்க மாட்டாங்க. பீரோ சாவியைக் குடுத்தா மறுநாளே "நீங்களே வெச்சுக்கோங்கம்மா"ன்னு அக்காகிட்ட திருப்பிக் குடுத்துடுவாங்க.

அப்படியே போய்ட்டிருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை இன்னொரு அம்மா வத்தக்குழம்பு வெக்கிறாங்க. இவங்க எட்டிப் பாத்துட்டு, "இவ்ளோ புளி போட்டா எவன் சாப்பிடுவான்"னு ஒரு வார்த்தை விட்டுட்டாங்க. அவங்க விடுவாங்களா, "புளி போடாம வெச்சா அதுக்குப் பேரு குழம்பா, ரசமா?"ன்னு கேக்க, இவங்க கரண்டியைப் பிடுங்க, பெரிய சண்டை. ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கிட்டு தனித்தனியா சாப்பிட்டிருக்காங்க. கூட இருக்கிற அக்கா பயந்துபோய் எனக்கு போன் பண்ணி, "மேடம், மறுபடி உடம்பு சரியில்லாம போகுதோ, டாக்டர்கிட்ட மாத்திரை மாத்தச் சொல்லலாமா?"ன்னாங்க. நான் கேட்டேன், "அக்கா, உங்க வீட்ல குழம்புக்கு சண்டையே வந்ததில்லையா?" போன்ல சிரிச்சுட்டாங்க.

எனக்கு அன்னைக்கு அவ்ளோ சந்தோஷம். ஏன்னா தண்ணி குடிக்க பர்மிஷன் கேட்டவங்க இப்போ புளி பத்தி அபிப்பிராயம் சொல்றாங்க, இது என் வீட்டு அடுப்புன்னு நினைக்கிறவங்கதான் அப்படிச் சொல்லுவாங்க. இல்லத்துல எவ்ளோ நல்ல சாப்பாடு போட்டாலும் அது வராதுங்க, அங்க இருக்கிறவங்க மனசு கெட்டதுன்னு சொல்லல, நூறு பேருக்கு சமைக்கிற இடத்துல உங்க நாக்கைக் கேக்க முடியாது. இப்போ அந்தம்மாதான் கடைக்குப் போறாங்க, சின்ன வெங்காயத்துக்கு பேரம் பேசுறாங்க, அண்ணாச்சி கடை கணக்கு நோட்டுல அவங்க பேருக்குத் தனிப் பக்கம் இருக்கு. கடன் குடுக்கிறாருன்னா நம்புறாருன்னு அர்த்தம்தானே. பீரோ சாவி இப்போ அவங்க இடுப்புலதான் இருக்கு, கேட்டாலும் குடுக்க மாட்டாங்க.

சில பேர் கேப்பாங்க, வீடு மட்டும் குடுத்தா போதுமான்னு. போதாது. மாத்திரை தவறாம போகணும், சோஷியல் வொர்க்கர் வந்து பாக்கணும், பேங்க் அக்கவுண்ட், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் வாங்கணும், எல்லாத்துக்கும் அட்ரஸ் கேக்கிறாங்க, அட்ரஸ் கிடைக்கிறதே வீடு கிடைச்ச அப்புறம்தான். வேலைக்குப் போக ஆசைப்படுறவங்களுக்கு வேலை, முடியாதவங்களை வற்புறுத்தக் கூடாது. முக்கியமா இன்னொண்ணு, திரும்ப உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில சேர்ந்தா அவங்க கட்டில் அப்படியே இருக்கணும், அவங்க இடம் போகக் கூடாது. இதைத் திரும்பச் சொல்றேன், இடம் போகக் கூடாது. நீங்களும் நானும் ஜுரம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனா வீடு காலியாகிடுதா என்ன?

வீடு பிடிக்கிறதுதான் பெரிய பாடு. அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிச்ச அப்புறம் யார் யார் இருக்கப் போறாங்கன்னு உண்மையைச் சொன்னதும், "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்"னு போனவங்க திரும்பக் கூப்பிடவே மாட்டாங்க. நாங்க மறைக்கிறதில்ல, மறைச்சு எடுத்த வீட்ல அவங்க தலைநிமிர்ந்து இருக்க முடியாது. ஆனா ஒரு தடவை குடுத்த ஓனர்கள் பெரும்பாலும் அடுத்த வருஷமும் குடுக்கிறாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களும் முதல்ல ஜன்னலைச் சாத்துவாங்க, பொங்கலுக்கு வாசல்ல இவங்க போட்ட கோலத்தைப் பாத்துட்டு வந்து பேசுவாங்க, அப்புறம் கறிவேப்பிலை கேட்டு வர ஆரம்பிச்சுடுவாங்க.

சட்டம் தெளிவா இருக்குங்க. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், 19வது பிரிவு. குடும்பம் இல்ல, வீடு இல்லங்கிற ஒரே காரணத்துக்காக யாரையும் மனநல மருத்துவமனையில வெச்சிருக்கக் கூடாது, சமூகத்துக்குள்ள வாழ குழு இல்லம், அதாவது சில பேர் சேர்ந்து குடியிருக்கிற வீடு மாதிரி ஏற்பாடு பண்ண வேண்டியது அரசாங்கத்தோட கடமை. 2019 நாடாளுமன்றத் தேர்தல்ல கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில இருந்தவங்க ஓட்டுப் போட்டாங்க, பேப்பர்ல படம் வந்துச்சு. எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க முடிஞ்சவங்களால இன்னைக்கு சாம்பாரா குழம்பான்னு முடிவு பண்ண முடியாதா?

வெளிநாட்டு அனுபவத்தை விரிவா சொல்லணும்னு எடுத்துட்டு வந்தேன், நேரம் ஆச்சுன்னு ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுறாங்க, வேகமா சொல்லிடுறேன். தெருவுல இருக்கிறவங்ககிட்ட குடியை விடு, மருந்து சாப்பிடு, அப்புறம் வீடு தர்றேன்னு சொல்றதுதான் பழைய வழக்கம். நியூயார்க்ல 1992லயே அதைத் திருப்பிப் போட்டாங்க, முதல்ல வீடு, கூடவே உதவி. கனடாவுல 2009ல இருந்து அஞ்சு ஊர்ல ரெண்டாயிரம் பேருக்கு மேல வெச்சு சோதிச்சுப் பாத்தாங்க, முதல்லயே வீடு கிடைச்சவங்கதான் வீட்ல நிலைச்சு இருந்தாங்க. ஃபின்லாந்து 2008ல இருந்து இதையே அரசாங்கக் கொள்கையா எடுத்துக்கிட்டாங்க. அதுல செலவுக் கணக்கும் இருக்கு, இன்னொரு நாள் கூப்பிட்டா சொல்றேன்.

கடைசியா, மனநலப் பிரச்னைக்கு உதவி கேக்க 14416ங்கிற டெலிமனாஸ் நம்பர் இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், எழுதி வெச்சுக்கோங்க. வீடு வாடகைக்கு விடுறவங்க யாராவது கேட்டுட்டிருந்தீங்கன்னா, நாலு பேர் சேர்ந்து குடிவரோம், இப்படி இப்படின்னு உண்மையைச் சொல்லிக்கிட்டு வந்து நின்னா, உடனே இல்லன்னு சொல்லிடாதீங்க, உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சு அவங்ககிட்டயே பேசிப் பாருங்க. நன்றி, வணக்கம்.