கல்லும் தண்ணீரும் யாருடையவை?

(கிருஷ்ணகிரியில் வாசகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

தர்மபுரியிலிருந்து நம் மாவட்டம் பிரிந்தது 2004 பிப்ரவரி 9 அன்று. சென்னையில் ஓர் அரசாணை, அவ்வளவுதான். ஆனால் தமிழ்நாட்டையே இரண்டாக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி நம் சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்டால் போதும். அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திர சட்டமன்றம் தெலங்கானா மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது.

ஆகவே, மாநில இறையாண்மை என்று முழங்குகிற நண்பர்கள் சட்டப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். அமெரிக்காவில் மாநிலங்கள் கூடி ஒன்றியத்தை உண்டாக்கின. ஒப்படைக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று 1791இல் பத்தாவது திருத்தமாக எழுதியும் வைத்தார்கள். துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியை விசாரிக்கும்படி உள்ளூர்க் காவல் அதிகாரிகளான ஷெரீப்புகளுக்கு அங்குள்ள மத்திய அரசு கட்டளையிட முடியாது என்று 1997இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே எஞ்சிய அதிகாரம் டெல்லிக்கு. நமக்கு உள்ளது ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியல், அதாவது மாநிலங்கள் சட்டம் இயற்றக்கூடிய துறைகள். அதிலும் 1976இல், நெருக்கடி நிலையின்போது, கல்வியையும் காடுகளையும், டெல்லியும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனார்கள். காடுகள் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. மாநிலங்களின் கையிலேயே விட்டிருந்தால் அஞ்செட்டிப் பக்கம் இன்று எத்தனை மரம் நின்றிருக்குமோ! கல்வியை எடுத்ததற்குத்தான் ஒரு நியாயமும் எனக்குத் தென்படவில்லை.

மிச்சமிருக்கும் அதிகாரத்துக்கு மதிப்பு உண்டா? உண்டு. நம் ஊர்க் கல்லைப் பாருங்கள். கிரானைட் சிறுவகைக் கனிமம். குவாரிக் குத்தகையும், வெட்டும் கல்லுக்கு அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் தொகையும் மாநில விதிகளின்படிதான். அதற்கு மேல் கனிமத்துக்கு மாநிலம் வரி போடலாமா என்பது நெடுநாள் வழக்கு. 1989இல், தமிழ்நாட்டிலிருந்தே போன இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில், கனிமம் எடுப்பதற்குக் கட்டும் ராயல்டியும் வரிதான், அதன்மேல் மாநிலம் செஸ் என்ற கூடுதல் வரி விதிக்க முடியாது என்று 7 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 35 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25 அன்று, 9 நீதிபதிகள் அமர்வு 8க்கு 1 என்று அந்தத் தீர்ப்பை மாற்றியது. ராயல்டி என்பது வரி அல்ல என்றது. கனிம உரிமைக்கும் கனிமம் உள்ள நிலத்துக்கும் வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த ஆண்டே தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 2025 ஏப்ரலில் வரி அமலுக்கு வந்தது. ஜல்லி விலை ஏறியது, கல் உடைக்கும் கிரஷர்கள் வேலைநிறுத்தம் செய்தன. இப்போது திட்டுவதற்கு டெல்லி கிடையாது, சென்னைதான். அது நல்லது என்றே நினைக்கிறேன்.

தண்ணீருக்கு வருகிறேன். அது மாநிலப் பட்டியலின் 17ஆவது இனம். 1974இன் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைக்கூட, மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்ட பிறகே நாடாளுமன்றம் இயற்ற முடிந்தது. ஆனால் தென்பெண்ணை நந்தி மலைப் பக்கத்திலிருந்து வருகிறது. பெங்களூரின் கழிவு கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. இங்கே நின்று ‘மாநில உரிமை’ என்று நாம் குரல் எழுப்பினால், எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே குரல்தான் எழும். மார்க்கண்டேய நதியின் குறுக்கே யார்கோளில் கர்நாடகம் அணை கட்டியதும் தங்கள் மாநிலம், தங்கள் குடிநீர் என்ற வாதத்தில்தான். அந்த நதி இந்தப் பக்கம் வந்து சேரும் வேப்பனப்பள்ளிக்காரர் யாரிடம் போவார்? ஒன்றிய அரசிடம்தான் போக வேண்டும்.

போனோம். தமிழ்நாடு கேட்ட தடையை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தரவில்லை; நடுவர் மன்றம் கேட்டு ஒன்றிய அரசை அணுகலாம் என்றது. அணுகினோம். பேசித் தீர்க்க முடியாத தகராறு என்றால், மாநிலம் கேட்ட ஓராண்டுக்குள் நடுவர் மன்றம் அமைக்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு நதிநீர்த் தகராறு சட்டத்தின் 4ஆவது பிரிவு. 2020இல் வந்ததோ பேச்சுவார்த்தைக் குழு. ஓராண்டு முடிந்தபோதும் மன்றம் வரவில்லை.

கேட்காத கல்வியை எடுத்துக்கொண்ட அரசு, கேட்ட நடுவர் மன்றத்தை இழுத்தடித்தது. எல்லை தாண்டிக் கை வைப்பதை மட்டும் நாம் அத்துமீறல் என்கிறோம். சட்டம் கெடு வைத்துக் கொடுத்த வேலையைச் செய்யாமல் கோப்பைக் கட்டி வைப்பதையும் அதே கணக்கில்தான் எழுத வேண்டும். ஆளுநரைப் பற்றி எவ்வளவு உரக்கப் பேசுகிறோமோ, அவ்வளவு உரக்க இந்த 4ஆவது பிரிவைப் பற்றியும் நம் மாவட்ட மேடைகள் பேசட்டும்.