விழுந்த மரம் எந்தப் பக்கம் பார்க்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஆனி மாதம் ஒருநாள் சாயங்காலம், புரசைவாக்கத்தில் எங்கள் தெருவில் இருபது நிமிடம் காற்று அடித்து ஓய்ந்தது. அதற்குள் எதிர்வீட்டு முருங்கை முறிந்து விழுந்துவிட்டது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி எங்கே பறந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. மாடி வீட்டுப் பெண் இறங்கி வந்து, "புயல் வருதுன்னு நியூஸ்ல ஒண்ணுமே சொல்லலையே டீச்சர்" என்றாள். "இது புயல் இல்லைம்மா, இடிமழை" என்றேன். அவள் முருங்கையைக் காட்டினாள். "புயல் இல்லாமலா இது விழுந்துச்சு?"

நியாயமான கேள்வி. முப்பது வருடம் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று வாசலில் நின்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இன்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் கிளம்புகிற புயல் கடல் பெற்ற பிள்ளை. கடல்நீர் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் அதிலிருந்து எழும் நீராவிதான் அதற்குத் தீனி. ஆவி மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது, உள்ளே வைத்திருந்த வெப்பத்தை விட்டுவிடும். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்கும். கீழே அழுத்தம் குறையும், சுற்றிலுமிருந்து காற்று ஓடிவரும். பூமி சுழல்வதால் அது நேராக வர முடியாமல், நம் பாதி உலகத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், பல நாள் ஆயுள். தரை ஏறியதும் தீனி நின்றுபோய்த் தளர்ந்துவிடும். அட்லாண்டிக்கில் ஹரிகேன், ஜப்பான் பக்கம் டைஃபூன் என்பதெல்லாம் இதே பிள்ளைக்கு வைத்த வேறு பெயர்கள். 'சைக்ளோன்' என்ற பெயரை வைத்தவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். 1848இல் அவர் எழுதிய மாலுமிகளுக்கான கையேட்டில் அது வருகிறது. பாம்பு சுருண்டு கிடப்பது அவர் மனதில் இருந்த படம்.

மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் வானிலைத் துறை அதைப் புயல் என்று சொல்லும். அதற்குக் கீழே தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 89 வந்தால் தீவிரப் புயல், 118 வந்தால் மிகத் தீவிரப் புயல். 60க்கும் 120க்கும் இரண்டு மடங்குதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். வேகம் இரட்டித்தால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தியில் கேட்கிறோம். ஒன்று முதல் பதினொன்று வரை எண் உண்டு. எண் கூடக்கூடக் காற்றின் வேகம் கூடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே பெரும் அபாயம்தான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் போகும், அல்லது தலைக்கு மேலேயே வருமா என்பதைத்தான் அந்த எண்கள் பிரித்துச் சொல்கின்றன. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

தலைக்கு மேலே வந்தது வர்தா. 2016 டிசம்பர் 12. காலையிலிருந்து வடக்கேயிருந்து அடித்த காற்றில் எங்கள் தெருக் கோடியில் இருந்த தூங்குமூஞ்சி மரம் தெற்கே விழுந்தது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் சட்டென்று எல்லாம் நின்றது. மழை இல்லை, இலை அசையவில்லை. ஜனங்கள் வெளியே வந்து செல்போனில் படம் எடுத்தார்கள். ஒரு பையன் பைக்கின் மேல் கிடந்த கிளையை இழுத்துக்கொண்டிருந்தான். நான் பால்கனியிலிருந்து கத்தினேன்: "உள்ளே போப்பா, இன்னும் பாதி பாக்கி இருக்கு." அந்த அமைதிதான் புயலின் கண். கண் நகர்ந்ததும் காற்று திரும்பி வந்தது, இந்த முறை தெற்கேயிருந்து. அதற்குள் மண் ஊறி, ஒரு பக்கம் ஆட்டிவைத்து வேர் தளர்ந்திருந்த வேப்பமரம், பத்தே நிமிடத்தில் வடக்கே சாய்ந்தது. மறுநாள் பார்த்தால் ஒரே தெருவில் ஒரு மரம் தெற்கே தலை வைத்திருக்கிறது, இன்னொன்று வடக்கே.

அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறுதலாக இருக்கிறது.

சரி, வர்தா காற்றால் அடித்தது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் சென்னையில் கரை கடக்கவே இல்லை. ஆந்திராவில் பாபட்லா அருகேதான் கடந்தது. ஆனால் நம் கரையை ஒட்டிக் கடலில் மெதுவாக நகர்ந்து, மழையை நம் மேல் கொட்டிவிட்டுப் போனது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்து நகரமே மூழ்கிய 2015 டிசம்பரில் பெயர் வைக்கிற அளவுக்குப் புயலே இல்லை. 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு நகராமல் நின்றது. அங்கே ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர். "புயல் வலுவிழந்தது" என்று செய்தியில் சொன்னால் காற்று வலுவிழந்தது என்று மட்டும்தான் பொருள். அந்த வார்த்தையைக் கேட்டு காரைத் தாழ்வான இடத்திலேயே விட்டவர்களை எனக்குத் தெரியும். எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று கேட்பதோடு, எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்றும் கேட்டுப் பழகுங்கள்.

அப்புறம் நம் முருங்கையை விழுத்தாட்டிய இடிமழை. அது நிலத்துச் சூட்டில் பிறப்பது. ஆனி, ஆடியில் வேலூர், திருத்தணி பக்கம் பகலெல்லாம் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று எழும். கடல்காற்று கொண்டுபோன ஈரமும் அதில் சேரும். பத்து, பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் எழும்பி, சாயங்காலம் கிழக்கே நகர்ந்து வரும். மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறதே, துணியை எடு என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். மழை விழும்போது குளிர்ந்த கனமான காற்றும் மேகத்திலிருந்து தரைக்கு இறங்கி, நாலா பக்கமும் சிதறும். மழைக்கு முன்னால் புழுதியோடு முகத்தில் அறையும் அந்த ஜில்லென்ற காற்று அதுதான். சில சமயம் அது மொத்தமாகக் கீழே கொட்டி, புயல் வேகத்தைத் தொட்டுவிடும்.

இதைக் கண்டுபிடித்தவரும் விழுந்த மரங்களைப் பார்த்தவர்தான். டெட்சுயா ஃபுஜிட்டா, ஜப்பானியர். 1945இல் அணுகுண்டு விழுந்த நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய்ச் சேதத்தை ஆராய்ந்தவர். வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து எல்லாத் திசையிலும் மரங்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. 1974இல் அமெரிக்காவில் டொர்னேடோ என்கிற சுழல்காற்று தாக்கிய காடுகளை விமானத்திலிருந்து பார்த்தபோது, சில இடங்களில் அதே கோலத்தைக் கண்டார். சுழன்றடித்த காற்றில் மரங்கள் அப்படி விழாது. மேலேயிருந்து காற்று கொட்டியிருக்கிறது என்றார். முதலில் பலர் நம்பவில்லை. இன்று விமான நிலையங்களில் அந்தக் காற்றைக் கண்காணிக்கிறார்கள்.

டொர்னேடோவுக்கு நம்மிடம் தனி வார்த்தை நிலைக்கவில்லை. சூறாவளி என்கிறோம், அதையே கடல் புயலுக்கும் சொல்லிவிடுகிறோம். டொர்னேடோ இடிமேகத்தின் அடியிலிருந்து தொங்கும் ஒரு சுழல். தரைக்கருகே ஒரு திசையிலும் உயரத்தில் வேறு திசையிலும் காற்று வீசும்போது மேகமே சுழல ஆரம்பிப்பதுதான் பெரும்பாலான பெரிய டொர்னேடோக்களின் தொடக்கம். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர், ஆயுள் சில நிமிடம். வேகம் மட்டும் 300 கிலோமீட்டரையும் தாண்டக்கூடும். நம் ஊரில் அபூர்வம். ஆனால் வங்காளதேசத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று ஒரே டொர்னேடோவில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். டெக்சாஸில் இருக்கும் என் மகள் ஒருமுறை, ஜன்னல் இல்லாத குளியலறையில் குழந்தையோடு உட்கார்ந்துகொண்டு போன் செய்தாள். வெளியே சங்கு ஊதுவது எனக்கே கேட்டது. "பத்து நிமிஷம்மா, பேசிக்கிட்டே இரு" என்றாள். வர்தாவுக்கு நாங்கள் ஒருநாள் முன்னாலேயே மெழுகுவத்தி வாங்கி வைத்திருந்தோம். அவளுக்குக் கிடைத்தது கதவைச் சாத்தும் அவகாசம்தான்.

பள்ளி மைதானத்தில் வெயில் நேரத்தில் காகிதத்தைச் சுழற்றிக்கொண்டு போகும் பேய்க்காற்று இந்த வகை இல்லை. அது மேகமே இல்லாமல் தரைச் சூட்டில் எழுவது. பிள்ளைகள் அதற்குள் ஓடுவார்கள். கண்ணில் மண் விழும், அவ்வளவுதான்.

இடிமழைக்குக் கூண்டு ஏற்ற நேரம் இருக்காது. உங்கள் வீட்டில் மத்திய அலை ரேடியோ இருந்தால், தூரத்து மின்னலுக்கே அது கரகரக்கும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மொட்டைமாடியில் நிற்காதீர்கள், மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகும் அரைமணி நேரம் உள்ளேயே இருங்கள்.

மாடி வீட்டுப் பெண்ணோடு அன்று தெருவில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன். முருங்கை, பக்கத்து வீட்டு வாழை, டீக்கடைக் கீற்றுப் பந்தல் மூன்றும் கிழக்கே பார்த்துத்தான் கிடந்தன. மேற்கேயிருந்து ஒரே வீச்சு. அவள் குனிந்து முருங்கைக்கீரையைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டாள்.

நன்றி, வணக்கம்.