நாஜி முகாமுக்குள்ள 55 தடவை மேடை ஏறின பூனை!

வணக்கம் மக்களே! நாஜிகளோட முகாம். உள்ளே அடைபட்டுக் கிடக்கிற யூதக் குழந்தைங்க மேடை ஏறி ஒரு நாடகம் போடறாங்க. மீசை வெச்ச அடாவடிக்காரன் ஒருத்தனை ஊர்ப் பிள்ளைங்க சேர்ந்து விரட்டி அடிக்கிற கதை. கடைசியில "ஜெயிச்சுட்டோம்"னு கோரஸ் வேற! அதுவும் ஒரு தடவை இல்ல, 55 தடவை. நாஜிகள் எப்படி விட்டாங்க? பதில் இருக்கு. ஆனா கேட்டா வயித்தைக் கலக்கும்.

பின்னணி சுருக்கமா. செக் நாட்டுத் தலைநகர் பிராக்குக்கு வடக்கே டெரெசின்னு ஒரு பழைய கோட்டை ஊர். 1941 கடைசியில இருந்து யூதர்களை அங்கே அடைச்சாங்க. அங்கிருந்து கிளம்புற ரயில்ல ஏறினவங்கள்ல பெரும்பாலானவங்க திரும்பல. அவ்வளவுதான், கதைக்கு வாங்க.

நாடகத்தோட பேரு 'புருண்டிபார்'. ஹான்ஸ் கிராசா 1938ல இசையமைச்சது. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, பால் வாங்கக் காசில்ல. அண்ணனும் தங்கச்சியும் சந்தையில பாட்டுப் பாடி சம்பாதிக்கலாம்னு போறாங்க. அங்கே கைப்பிடியைச் சுத்தி இசைப்பெட்டி வாசிக்கிற புருண்டிபார், "இது என் ஏரியா"ன்னு துரத்தறான். ஒரு குருவி, ஒரு பூனை, ஒரு நாய் வந்து ஊர்ப் பிள்ளைங்களைக் கூட்டுது. அப்புறம் என்ன, பெட்டிக்காரன் ஓட்டம்!

இப்போ அந்தப் பதில். 1944 ஜூன் 23, செஞ்சிலுவைச் சங்கத்துக்காரங்க முகாமைப் பார்க்க வந்தாங்க. வெள்ளையடிச்சு, பூச்செடி வெச்சு, ஊரையே செட்டு போட்டாங்க நாஜிகள். நெரிசல் தெரியக்கூடாதுன்னு மே மாசமே 7,503 பேரை ஆஷ்விட்ஸ்ங்கிற கொலை முகாமுக்கு ஏத்தி அனுப்பியாச்சு. வந்தவங்களுக்குக் காட்டின ஐட்டங்கள்ல ஒண்ணு, இந்தக் குழந்தைங்க நாடகம்.

சரி, என் ஃபேவரிட் பூனைக்கு வருவோம். எலா. முகாமுக்கு வந்தப்போ வயசு 11. அக்காவோட கறுப்பு பேன்ட், அம்மாவோட கறுப்பு ஸ்வெட்டர், ஷூ பாலிஷ்ல வரைஞ்ச மீசை. காஸ்ட்யூம் முடிஞ்சது! கூட நடிச்ச பிள்ளைங்களை ரயில் கொண்டுபோகப் போக, புதுப் பிள்ளைங்க அந்த வேஷத்தைக் கத்துக்கிட்டாங்க. பூனை மட்டும் மாறல. யூதர்னு அடையாளம் காட்ட சட்டையில மஞ்சள் நட்சத்திரம் குத்தியே ஆகணும். மேடையில இருக்கிற நேரம் மட்டும் அது வேண்டாம். அந்தக் கொஞ்ச நேரம் அவ யூதச் சிறுமி இல்ல, வெறும் பூனை. எனக்கு இந்த இடத்துல தொண்டை அடைக்குது, சாரி.

எலா பிழைச்சாங்க. பின்னாடி அமெரிக்காவுல குடியேறினாங்க. பள்ளிக்கூடங்களும் சிறுவர் பாடகர் குழுக்களும் 'புருண்டிபார்' போடும்போது, பல ஊர்களுக்கு நேர்ல போய் நடந்ததைச் சொன்னாங்க. முடிவுல அந்தப் பிள்ளைங்களோட மேடை ஏறி, அதே வெற்றிப் பாட்டைச் சேர்ந்து பாடினாங்க.

என்னோட கருத்து: நாஜிகள் கொன்ன யூதர்கள் "60 லட்சம் பேர்"னு சொன்னா பத்து வயசுப் பிள்ளைக்கு அது கணக்குப் பாடம். ஆனா பூனை வேஷத்துக்கு ரிகர்சல் பார்த்துட்டு நிக்கிற பொண்ணு முன்னாடி, நிஜப் பூனையே பாட்டியா வந்து நின்னா? அதே மாதிரி வில்லன் வேஷம் போடற பையனும் கேட்பான்ல, "எனக்கு முன்னாடி இதை நடிச்சது யாரு?" அவன் பேரு ஹோன்ஸா டிரைக்லிங்கர். அப்பா அம்மா இல்லாத பையன். முகாமே கொண்டாடின நடிகன். ஆஷ்விட்ஸுல கொன்னுட்டாங்க. இதுக்கு மேல எந்தப் பாடப் புத்தகம் வேணும்?

2018ல எலாவும் போயிட்டாங்க. ஆனா நாஜிகள் பிரச்சாரத்துக்காக 1944ல எடுத்த படத்தோட துண்டுகள் இன்னும் இருக்கு. அதுல இந்தக் கடைசிக் கோரஸும் இருக்கு. படப்பிடிப்பு முடிஞ்ச கையோட, செப்டம்பர் 28ல இருந்து மறுபடி ரயில்கள் ஓடிச்சு. ஒரே மாசத்துல 18,000 பேருக்கு மேல. கிராசாவும் அதுல ஒருத்தர்.

லைக், சப்ஸ்கிரைப் எல்லாம் அப்புறம். முதல்ல அந்தக் கோரஸைத் தேடிப் பாருங்க. சத்தத்தைக் கூட்டி வெச்சு.